ஓணானுக்கு ஏது வெள்ளிக்கிழமை

புலம்பெயர்ந்த தமிழரின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அரியரத்தினத்தின் பலசரக்குக் கடை. சாமித்தட்டுக்கு நேர் கீழே இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள், கைவிடப்பட்ட பிராணிகளை எடுத்து வளர்க்கும் பூரணி கையை விடுகிறாள். மாடியில் குடியிருந்தவன் விட்டுப்போன வளர்ப்பு ஓணான் உள்ளே கிடக்கிறது. சூடு கொடுக்கும் விளக்கு எப்போதோ அணைந்துவிட்டது. பக்கத்தில் காய்ந்த சோறும் கறுத்துப்போன வாழைப்பழத் துண்டும். எலும்பு துருத்திய உடம்பு அவளுடைய உள்ளங்கையில் கல்லாய்க் குளிர்கிறது. “பூச்சி ஒண்டும் குடுக்கேல்லையே அண்ணை?” என்கிறாள். “சாமிக்குக் கீழை வைச்சுக்கொண்டு மச்ச மாமிசம் குடுக்கலாமே, பிள்ளை? அதுவும் இண்டைக்கு வெள்ளி” என்கிறார் அரியரத்தினம், நெற்றித் திருநீறு சுருங்க.  பூரணி ஓணானை மேலங்கிக்குள் நெஞ்சோடு அணைத்து ஸிப்பை இழுத்துவிட்டு அப்படியே நிற்கிறாள். கறிவேப்பிலைக் கட்டோடு கல்லாவுக்கு வந்த பெண்ணும் பூரணியின் கழுத்தடியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெளியே மழையில் பஸ்கள் வருகின்றன, போகின்றன. கடைசியில் மேலங்கிக்கு மேலே ஒரு சொரசொரத்த தலை எட்டிப் பார்க்கிறது. ஒரு கண் திறக்கிறது. பூரணி கைப்பையிலிருந்து டப்பாவை எடுக்கிறாள். உள்ளே வெட்டுக்கிளிகள் சுரண்டுகின்றன. “சார்செல்லிலை என்ரை வீட்டிலை இதுக்கு விளக்கு, கூடு எல்லாம் போட்டு வைச்சிருக்கிறன். ஆனா அதுவரைக்கும் தாங்காது. முதல் வாய் இஞ்சைதான், அண்ணை.” அரியரத்தினம் எட்டிச் சாமித்தட்டின் சிவப்புத் திரையை இழுத்து மூடுகிறார். ஓணான் தலையைச் சாய்க்கிறது. நாக்கு பளிச்சென்று நீண்டு திரும்புகிறது. மொறுக்கென்ற சின்னச் சத்தம் கடை முழுவதும் கேட்கிறது. திரையைப் பிடித்த கையை எடுக்காமலே அவர் தாழ்ந்த குரலில் கேட்கிறார்: “இன்னும் இருக்கோ?”