கூரைமேல் மாமியார்

கோயில் முற்றத்தில் கால் வைத்ததுமே சியூமானுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

கூடவே பயமும்.

காலையிலிருந்தே இதைத் தவிர்க்கத்தான் பார்த்தாள். ஜோங்ஷான் ஊரிலிருந்து வந்த மாமியாரை முதலில் ஃபோஷானின் ஷிவான் பகுதியிலுள்ள பழைய மண்பாண்டச் சூளைக்குக் கூட்டிப்போய், மேட்டில் நீளமாகப் படுத்திருக்கும் அதன் பக்கப்படிகள் அத்தனையையும் ஏறவைத்தாள். மண் வாத்துப் பொம்மை வாங்கித் தந்தாள். நூடுல்ஸ் ஒரு கிண்ணம், இறால் கொழுக்கட்டை ஒரு கூடை. மாமியார் களைத்துப்போய் வீட்டுக்குப் போகலாம் என்பாள் என்று எதிர்பார்த்தாள்.

"ஃபோஷான் வரைக்கும் வந்துட்டு சாமியைப் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்?" என்றாள் மாமியார்.

சியூமானுக்கு ஷிவானில் பொம்மைப் பட்டறையில் வேலை. கோயில் கூரையின் முகட்டில் நாடகக் கூட்டம்போல வரிசையாக நிற்கும் மண்பொம்மைகளில் ஒரு கிழவியின் தலை புயலில் உடைந்துபோனது. புதுத்தலை செய்யும் வேலை போன வருடம் அவளிடம் வந்தது.

அந்த மாதம் பார்த்து மாமியார் வந்து தங்கியிருந்தாள். தினமும் சூப்பில் உப்புச் சரியில்லை என்று குறை.

களிமண் தானாகவே அந்த முகமாகிவிட்டது. ஏறிய ஒற்றைப் புருவம். கரண்டியை நக்கிவிட்டுச் சுளிக்கும் அதே உதடு.

கணவனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

இப்போது மாமியார் நேராக அந்தப் பொம்மைக்குக் கீழே போய் நின்றாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சியூமான் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"மூக்கு அச்சு அசலா வந்திருக்குடி. காதுதான் கொஞ்சம் பெருசு" என்றாள் மாமியார்.

சியூமானின் சிரிப்பு அப்படியே வற்றியது. "அத்தை... அது வந்து..."

மாமியாரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. ஐயோ, அழுகிறாள். பெற்ற பிள்ளையிடம் சொல்லி அழப்போகிறாள். இனி அந்த வீட்டில் எப்படி முகம் காட்டுவது?

சியூமான் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. வாய்கொள்ளாத சிரிப்பு. கண்ணாடி மூக்கின் நுனிக்கு வழுக்கியிருந்தது.

"அந்தக் கிழவிக்குப் பக்கத்துல பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டு விசிறியோட ஒருத்தி நிக்கிறாளே, தெரியுதா?"

தெரிந்தது. சியூமான் பிறப்பதற்கு முன்பே அங்கே ஏறிய பொம்மை.

"அதுதான் எங்க மாமியார். கல்யாணமான புதுசுல நானும் ஷிவான்ல பொம்மை செஞ்சவதான். அது அவ முகம்னு வெளிய சொல்லியிருந்தா அவ என்னை உசுரோட விட்டிருப்பாளா?"

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூரைமேல் விசிறியோடு நின்றவளை நோக்கிப் பணிவாகக் கைகூப்பினாள்.

"அத்தை, சௌக்கியமா?"