அடுத்த சனிக்கிழமை

"சார், ஷெரின் பாப்பாவுக்கு ஊசி போடற தேதி தாண்டிடுச்சு. போன மாசமே வர்றேன்னீங்களே?" குழந்தைகள் கிளினிக்கிலிருந்து பேசிய பெண்ணின் குரலில் கோபம் தெரிந்தது.

"பீன்யா ஃபேக்டரியில ஷிஃப்ட் மேடம். லீவே கிடைக்கல," என்றான் கிளிஃபர்ட்.

"எப்பக் கேட்டாலும் இதையே சொல்றீங்க. சளி, இருமல் ஏதாச்சும் இருக்கா?"

"இப்ப இல்ல மேடம்."

"இல்லாதப்பவும் கூட்டிட்டு வரணும் சார். எடை, வளர்ச்சி எல்லாம் டாக்டர் பாக்கணும். வியாதி முத்தினப்புறம் தூக்கிட்டு ஓடி வந்தா அவர் என்ன பண்ணுவாரு?"

"அடுத்த சனிக்கிழமை கண்டிப்பா வர்றேன்."

அவன் போனை வைத்ததும் மனைவி பவுலின் அவனை முறைத்தாள். "இன்னும் எத்தனை வாட்டி பொய் சொல்லப் போறீங்க? விஷயத்தைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லிட்டா அப்புறம் கூப்பிட மாட்டாங்க. அவ பேரைச் சொல்லி வேற யாரு நம்மகிட்ட பேசறாங்க, பவுலின்?"

பவுலின் சாமந்திப் பூக்களை எடுத்து நீட்டினாள். கல்லறைத் திருநாள் என்பதால் சுற்றிலும் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. கிளிஃபர்ட் மண்டியிட்டு, அந்தச் சின்னச் சிலுவையில் படிந்திருந்த மண்ணைக் கையாலேயே துடைத்தான்.

அன்று ஷெரின் மூச்சு வாங்க இருமியபோதும் பவுலினிடம் அவன் இதையேதான் சொல்லியிருந்தான். "வெறும் சளிதானே? அடுத்த சனிக்கிழமை காட்டலாம்."