பச்சை ஃபிரிட்ஜ்

"சித்தி நம்பரை இப்பவே பிளாக் பண்றேன். அம்மா இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று அம்மாவின் போனைக் கையில் எடுத்தான் மகன்.

"டாக்டர் வந்துட்டுப் போகட்டுங்க. அப்புறம் பண்ணிக்கலாம்" என்றாள் மனைவி.

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. போன வருஷம் அம்மாவுக்கு ஞாபகம் ரொம்பவே தடுமாறியது. அடுப்பை அணைக்க மறந்து, ஒருநாள் வீடே புகைந்து போனது. ஆறு நாட்டு டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் மறதி ஆராய்ச்சியில் அம்மாவைச் சேர்த்தார்கள். இந்தத் தடவையும் ஞாபகச் சோதனையில் மார்க் இறங்கினால் வீட்டில் தனியாக விடக்கூடாது, முதியோர் இல்லம்தான் நல்லது என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் ஆறு மாதமாகச் சித்தி வேறு. அம்மாவின் ஓரகத்தி. தினமும் காலையில் போன் போட்டு ஏதாவது ஒரு பழைய கதையைக் கிளறுவாள். இந்த வாரம் ஃபிரிட்ஜ். குடும்பத்திலேயே முதல் ஃபிரிட்ஜ் வாங்கியது அவள்தானாம்! அம்மா விடுவாளா? நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டு, பழைய போட்டோக்களை எல்லாம் இழுத்துப் போட்டு, மறுநாள் சண்டைக்கு வக்கீல் மாதிரி தயாராவாள்.

டாக்டரம்மா லேப்டாப்போடு வந்தார். திரையில் இரண்டு வெளிநாட்டு டாக்டர்கள். ஒருவர் கொட்டாவி விட்டபடி வணக்கம் சொன்னார். டாக்டரம்மா ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். போன தடவை இரண்டோடு நின்றுபோன அம்மா, இந்தத் தடவை ஐந்தையும் வரிசை மாறாமல் சொன்னாள். மகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாம் தாங்கள் கொடுத்த மூளைப் பயிற்சி விளையாட்டின் மகிமை என்று திரையில் இருந்தவர்கள் கைதட்டிக்கொண்டார்கள். அந்த விளையாட்டு இருந்த டேப்லட், பல மாதமாகப் பால் பாத்திரத்துக்கு மூடியாக இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

டாக்டரம்மா கிளம்பியதும் மகன் மறுபடி போனை எடுத்தான். சித்தி தொல்லை இருக்கும்போதே இவ்வளவு என்றால், அது இல்லாவிட்டால் அம்மா எங்கேயோ போய்விடுவாள் என்பது அவன் கணக்கு.

அம்மா போனை வெடுக்கென்று பிடுங்கினாள். "பிளாக் பண்ணினா நான் தோத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவா. அந்தப் பச்சை ஃபிரிட்ஜை மாடிக்குத் தூக்கிட்டு வந்தவங்க பேர்கூட எனக்கு ஞாபகம் இருக்கு. நாளைக்கு அவளை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன், பாரு."

மகன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான். மருமகள் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தன் போனில் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சின்ன அத்தை, மார்க் ஏறிடுச்சு. ஐயோ, அழாதீங்க. ஃபிரிட்ஜ்ல அத்தை தேறிட்டாங்க. நாளைக்கு மிக்ஸியும் நீங்கதான் முதல்ல வாங்கினீங்கன்னு ஆரம்பிச்சிடுங்க."