வெளிக்கடைக் கண்ணாடி

கிட்ட வாங்க கண்ணுங்களா, கையளவுக் கதை ஒன்று சொல்கிறேன்.

போன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு பெரியவர் முடங்கிய போனோடு நின்றார். கவுன்ட்டர்ப் பெண்ணுக்கு அன்றைக்கு அது ஒன்பதாவது கெஞ்சல்.

“உடைஞ்ச கண்ணாடியை வெளிக்கடையில மாத்தினேன், அவ்வளவுதாம்மா. அதுக்குப் போனையே முடக்குவீங்களா? செத்துப்போன எங்கம்மா குரல் அதுக்குள்ளதான் இருக்கு. ஒரே ஒரு தடவை திறந்து விடும்மா.”

“வெளிச் சாமான் போட்டா திறக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு சார். மீறினா என் வேலை போயிடும்.”

பெரியவர் மேசையைத் தட்டினார். “அந்த மேலிடமே நான்தாம்மா! உத்தரவு போட்டவனே சொல்றேன், திற!”

சுவரில் மாட்டியிருந்த முதலாளி படத்தில் அதே முகம்; அவள் பதறி எழுந்தாள். பூட்டிய போனைப் பயபக்தியோடு அவர் கையிலேயே வைத்தாள்.

“மன்னிச்சிடுங்க முதலாளி. யார் வந்து என்ன கதை சொன்னாலும் திறக்காதேன்னுதானே எழுதியிருக்கீங்க?”

உங்கள் வீட்டுப் போன்கள் எந்தக் கடைக்காரர் கை பட்டாலும் கண் திறக்கட்டும், மக்களே. குடும்பத்தோடு நன்றாயிருங்கள்.