சாட்சி சொல்ல வராதவன்

"பத்து வருஷமாச்சு. ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தியா தம்பி?"

பள்ளிக்கூட வாசலில் இருந்த காவலாளி அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவள் பிடித்துக்கொண்டாள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் சேர்த்து வைத்த கோபம்.

காவலாளி எழுந்து நின்றான். ஆனால் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்த கைகளை வெளியே எடுக்கவில்லை. கொழுப்பைப் பாரு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உக்காருங்க அண்ணி."

"நான் ஒண்ணும் உக்கார வரல" என்றபடியே உட்கார்ந்தாள்.

அவள் கணவரும் இவனும் ஒரே ஆலையில், ஒரே கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர்கள். அன்றைக்கு நீராவிக் குழாய் வெடித்து, அடுத்த கூடத்துக்குள் ஆவி சீறிப் பாய்ந்தது. அங்கே நாற்பது பேர். கணவர் ஓடிப்போய், கொதித்துக்கொண்டிருந்த வால்வுச் சக்கரத்தைத் திருகி மூடிவிட்டார். திரும்பி வரும்போது படியில் வழுக்கி, தலையில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இதைப் பார்த்துச் சொன்னவன் இவன் ஒருவன்தான். ஆவி பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவன், இதைச் சொல்லிவிட்டு அங்கிருந்து நேராக ஊரை விட்டே போய்விட்டான்.

வருஷா வருஷம் ஆலயத்தில் நினைவு ஆராதனை நடக்கும். போதகர் அவருடைய தியாகத்தைப் பற்றிப் பேசுவார். பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். கண்ணால் கண்ட இந்த மகானுபாவன் மட்டும் வரமாட்டான். கடிதம் போட்டாலும் பதில் கிடையாது.

"வர்ற ஞாயிறு அவர் பேர்ல கல்வெட்டு. எம் பொண்ணுதான் திறக்கிறா. அப்பா மாதிரி நாலு பேரைக் காப்பாத்தணும்னு தீயணைப்புப் படையில சேர்ந்திருக்கா."

"பாப்பாவா! அவ்ளோ பெரிசாயிட்டாளா?" அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"பேச்சை மாத்தாத. 'சித்தப்பா ஏம்மா வரல'ன்னு கேக்கறா. நான் என்ன சொல்ல? மைக்கைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசினா உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? உன் கால்ல விழணுமா? இதோ விழறேன்."

விருட்டென்று எழுந்து குனிந்தேவிட்டாள். அவன் பதறிப்போய், தடுக்கக் கைகளை நீட்டினான்.

அவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

இரண்டு உள்ளங்கையிலும் சதை உருகி ஒட்டிப்போயிருந்தது. எதையோ இறுக்கிப் பிடித்தாற்போல விரல்கள் மடங்கியே கிடந்தன. குறுக்கே, சக்கரத்தின் விளிம்பு அளவுக்கு வளைந்த தழும்பு.

சவப்பெட்டியில் கணவரின் கைகளைக் கோத்து வைத்தவள் அவள்தான். ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆண்டவருடைய கிருபை என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள்.

"அப்போ... அவரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஓடிட்டாரா? சொல்லு!"

"பயம் யாருக்குத்தான் வராது அண்ணி? படி வேற ஈரமா இருந்துச்சு."

"எதுக்குப்பா இப்படி ஒரு பொய் சொன்ன?"

"பாப்பா என் கட்டில்கிட்ட வந்து, 'எங்கப்பா என்ன பண்ணாரு சித்தப்பா'ன்னு கேட்டா. ஒம்பது வயசுப் பிள்ளை. வாயில அதுதான் வந்துச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

"நீங்க கல்வெட்டைத் திறங்க அண்ணி. பாப்பாவுக்கு எதுவும் தெரிய வேணாம். போலீஸ் கேட்டாலும் பத்திரிகைக்காரன் கேட்டாலும் அண்ணன்தான் மூடினாருன்னு சாகிற வரைக்கும் சொல்வேன்" என்றான் அவன். "ஆலயத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. ஆண்டவர் முன்னாடி நின்னு பொய்ச்சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது."