ஐம்பத்தெட்டு காசுகளும் ஓர் ஆல்பமும்

தங்கை வீட்டுப் படியேறும்போதே அக்காவுக்கு மனசு குதியாட்டம் போட்டது. நாலு வருஷமாக இந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

“வாக்கா, வா! புது வீட்டுல சாமானெல்லாம் எடுத்து வச்சாச்சா? தண்ணி ஒழுங்கா வருதா?” தங்கை வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “பெரிய பையா எடுத்துட்டு வரச் சொன்னேனே, மறந்துட்டியா?”

“எடுத்துட்டு வந்திருக்கேன், எடுத்துட்டு வந்திருக்கேன்” என்று பையை ஆட்டிக் காட்டினாள் அக்கா. வேண்டாத பாத்திரம் எதையோ என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாக வாரம் தவறாமல் போன் போட்டு, ‘வீடு எந்த அளவுல இருக்கு, எப்ப குடி போறே’ என்று துளைத்தவள் ஆயிற்றே. எல்லாம் பொறாமை என்பது அக்காவின் முடிவு.

அவள் பார்க்க வந்தது அப்பாவின் காசுகளை. ஐம்பத்தெட்டு பழைய காசுகள். சின்ன வயதில் ஒவ்வொன்றுக்கும் துண்டுச் சீட்டு எழுதியது அவள்தான். ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து எடுக்கப் பழகியதும் அவள்தான். தங்கையோ, அதைக் கொடுத்து மிட்டாய் வாங்கலாமா என்று கேட்டவள்.

கடைசியில் அப்பா மொத்தத்தையும் அந்த மிட்டாய்க்காரி கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். இன்சூரன்ஸ் வேலை, ஓயாத மாற்றல், பதினோரு வாடகை வீடு, ஒரு தடவை லாரியிலேயே ஒரு பெட்டி காணாமல் போனது என்று அலைந்துகொண்டிருந்த அக்காவுக்கு, சாவுக்கு வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையில் பாதி அப்பாவுக்காக இல்லை.

அடுத்த வாரமே தங்கை அவளைக் கடைக்கு இழுத்துப் போனாள். அப்பா காசு வைத்திருந்த பிஸ்கட் டப்பா துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று, காசு அளவுக்கே வட்டமாக, கெட்டியான மூடி போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள். இன்னொன்று, மெத்தென்ற பிளாஸ்டிக் பைகள் வைத்த பளபளப்பான ஆல்பம்.

“எனக்கு இதெல்லாம் என்னக்கா தெரியும்? உன் காசா இருந்தா எதுல வைப்பே, அதைச் சொல்லு.”

அக்கா ஆல்பத்தை மோந்து பார்த்தாள். புது மழைக்கோட்டு வாசம் குப்பென்று அடித்தது. அந்த வாசம் வரும் பிளாஸ்டிக் வெயிலில் வியர்க்கும், அந்தப் பிசுக்கு காசை அரித்துப் பச்சை பிடிக்க வைக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய சொந்தக் காசு பன்னிரண்டு அப்படித்தான் நாசமாய்ப் போயிருந்தன.

“ஆல்பம்தான்டி. யோசிக்காம வாங்கு. வச்சப்புறம் அடிக்கடி திறக்காதே, காத்து பட்டா கெட்டுடும்” என்றாள். வயிறு எரியும்போது புத்தி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது பாருங்கள்!

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கோடையிலும் ஊரே வெயிலைத் திட்டியது. அக்கா மட்டும் இன்னும் கொஞ்சம் காயட்டும் என்றாள்.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தாள். “அப்பா காசை ஒரு தடவை காட்டேன்டி. பார்த்து எவ்வளவு நாளாச்சு.”

“அதைத்தான் எடுக்கப் போறேன், இரு.” தங்கை சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து துணி சுற்றிய ஆல்பத்தை எடுத்து வந்தாள். “நீ சொன்ன மாதிரியே வச்சிருக்கேன்க்கா. ஒரு நாள்கூடத் திறக்கல.”

அக்காவே பிரித்தாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று வந்தன. பாய்மரக் கப்பல் போட்ட வெள்ளிக் காசில் கப்பலையே காணோம், எங்கும் பச்சைப் பிசின். செப்புக் காசுகளின் முகமெல்லாம் அம்மை போட்டதுபோல் குழி குழியாக அரித்திருந்தது.

தங்கை ஆல்பத்தைப் பிடுங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு காசுகூடத் தப்பவில்லை என்று தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகத்தில் மட்டும் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு தங்கையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“விடுடி. உன் பொருள், உன் வீட்டுலதானே கெட்டுப்போச்சு? யாருக்குப் பதில் சொல்லணும் நீ?”

தங்கை அழுத முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“உனக்குச் சொந்த வீடு அமையற வரைக்கும் சொல்லாம வச்சிருந்து, அப்புறம் உன்கிட்ட குடுக்கச் சொன்னாரேக்கா அப்பா!”