குரங்கு தின்ற சௌசௌ

சேலம் பஸ்ஸின் கூரையிலிருந்து மூட்டையை இறக்கி, தலையில் சுமந்துகொண்டு கிறிஸ்துதாஸ் ஏற்காட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி ஒன்று.

“கிலோ மூணே ரூவா! இங்க ஏழு சொல்றான்” என்றார், உட்காரும் முன்பே.

மூட்டைக்குள் இருபது கிலோ சௌசௌ. வீட்டில் இருப்பது நான்கு பேர்.

பிரித்து வாங்கினால் கிலோ நான்கு ரூபாயாம். மண்டியில் கட்டை அவிழ்க்காமல் அப்படியே தூக்கினால் மூன்று. எஸ்டேட் ரைட்டராக இருபது வருடம் ஆட்களின் கூலிக் கணக்கு எழுதிவருபவருக்கு இதுகூடவா தெரியாது? பஸ் டிக்கெட், மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட், இறங்கியதும் குடித்த டீ, தின்ற இரண்டு போண்டா எதுவும் காய்க்கணக்கில் வராது. அதெல்லாம் பிரயாணச் செலவு.

ஏற்காட்டுச் சந்தையில் காய் வாங்கும் உள்ளூர்க்காரர்களை அவர் டூரிஸ்ட்டுகள் என்றுதான் திட்டுவார்.

ஒருமுறை மனைவி செல்வமேரியையும் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் அவள் வாந்தி எடுத்தாள். காலையில் தின்ற நான்கு இட்லியும் வீணாகிவிட்டதே என்று சேலம் வரை புலம்பினார்.

இதில் நேரமும் மிச்சமாம். வாரம் முழுக்க ஒரே காய் என்றால், என்ன சமைப்பது என்று யோசிக்கும் நேரம் மிச்சம்தானே. திங்கள் சாம்பார், செவ்வாய் கூட்டு, புதன் பொரியல், வியாழன் தோலில் துவையல். பிள்ளைகள் இரண்டும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கும். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. அதிலும் சௌசௌ மிதக்கும்.

துவையலை அம்மியில் அரைப்பவள் செல்வமேரி. போன மழைக்காலத்திலிருந்து அவளால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. மிக்ஸி வாங்கலாமா என்று கேட்டாள். கரண்ட் பில்லை உங்கப்பனா கட்டுவான் என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பிறகு அவரிடம் கேட்கவில்லை. இன்னும் நாலே வாரத்தில் மிக்ஸி வந்துவிடும் என்று மாதா படத்திடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். தம்பி வாங்கிக் கொடுத்ததாக அவரிடம் சொல்லிக்கொள்ளலாம். காசு ஏது என்று மாதா கேட்கவில்லை.

கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் போன கிறிஸ்துதாஸ் அங்கேயே நின்றுவிட்டார்.

அவர்கள் வீட்டுச் சௌசௌப் பந்தல் வெறும் இலையாக இருந்தது. சுண்டுவிரல் அளவுக்கு நாலைந்து பிஞ்சுகள். முற்றிய காய் ஒன்றுகூட இல்லை.

போன வாரமும் இதே கதைதான். அவர் எஸ்டேட்டில் இருக்கும் நேரம் பார்த்து, சனிக்கிழமைதோறும் குரங்குகள் வந்து பந்தலைக் காலி செய்துவிடுவதாக செல்வமேரி சொல்வாள். பாழாய்ப்போன குரங்குகள், போன மாதம் காயப்போட்டிருந்த அவருடைய லுங்கியைக்கூட விட்டுவைக்கவில்லை.

“எருவும் தண்ணியும் நாம ஊத்தறது, திங்கறது கொரங்கா? இன்னிக்கு வெட்டித் தள்ளிப்போடறேன் பாரு!”

அரிவாளை எடுத்துவிட்டார்.

சோறு பொங்கி வழிவதை அப்படியே விட்டுவிட்டு செல்வமேரி ஓடி வந்தாள். பந்தலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

“ஏனுங்க, இதை வெட்டுனா அதுங்க பசிக்கு ஊட்டுக்குள்ள வந்துருமுங்க. நீங்க சேலத்துல இருந்து சொமந்துட்டு வந்ததையில்ல தின்னுபோடும்?”

ஓங்கிய அரிவாள் பாதியில் நின்றது.

அவருடைய உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிறார். உள்ளே இருப்பது கிலோ மூன்று ரூபாய். பந்தலில் காய்ப்பது சும்மா வருவது. குரங்கு எதைத் தின்றால் நஷ்டம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அரிவாளைக் கூரை இடுக்கில் செருகிவிட்டு உள்ளே வந்தார்.

செல்வமேரி பின்னாலேயே வந்து, பொங்கிய சோற்றை இறக்கி வைத்தாள்.

அவர் மூட்டை முன்னால் உட்கார்ந்து வாய்க்கட்டை அவிழ்த்தார். கயிறு இல்லை, துணி. இறுக்கமான முடிச்சு. பல்லால் கடித்து இழுத்ததும் பச்சைக் கட்டம் போட்ட நீளத் துண்டு கையோடு வந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“அட, என்ற லுங்கி மாதிரியே இருக்குது பாரு!”

அந்த லுங்கியைக் கிழித்தவள் செல்வமேரிதான். நேற்றுக் காலை பந்தலில் காய் பறித்து மூட்டை பிடித்தவளும் அவள்தான். தோள் வலியில் முடிச்சை மட்டும் இறுக்க முடியவில்லை. மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப்போகும் ஜீப்காரன் முனியப்பன் இறுக்கிக் கொடுத்தான். மூட்டைக்கு வழக்கம்போல முப்பது ரூபாய் தந்தான்.

அந்த மூட்டையையேதான் இவர் அறுபது கொடுத்துத் தூக்கி வந்திருக்கிறார்.

கிறிஸ்துதாஸ் ஒரு காயை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முகமெல்லாம் பூரிப்பு.

“என்ன இருந்தாலும் சேலத்துக் காய் சேலத்துக் காய்தான்.”

பிறகு அந்தத் துணியைத் தொடையில் வைத்து நீவி, நான்காக மடித்து அவளிடம் நீட்டினார்.

“தூக்கிப் போட்றாத மேரி. எதுக்காச்சும் ஆவும்.”

அவள் வாங்கி, மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தாள்.

சனிக்கிழமைக்கு ஆகும்.